நிறுத்திதான் வைத்திருக்கிறோம்

எங்கள் வீட்டில் யாரும் எந்த வண்டியையும் கைவிட்டதே இல்லை. அப்பாவைக் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். "நிறுத்தி வெச்சிருக்கோம்" என்பார். இன்றோ நாளையோ எடுத்து ஓட்டப்போகிறவர் மாதிரியே இருக்கும் அந்தக் குரல். அப்படி நிறுத்தி வைத்த மோரிஸ் மைனர் கார் 21 வருடம் நின்றது. அதன் பக்கத்தில் சித்தப்பாவின் ஃபோக்ஸ்வேகன் வேன் 14 வருடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் போகும் அளவுக்கு ஒரு சந்து உண்டு. நானும் அண்ணனும் தங்கையும் வளர்ந்தது பெரும்பாலும் அந்தச் சந்தில்தான்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் வருட மாடல், வெளிறிய பச்சை, இரண்டு கதவு. மோரிஸ் மைனர் முதலில் வெளிவந்தது 1948-இல். அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைக் கொடுத்தவரும் அவரே. மாதிரி வண்டி தயாரான பிறகு பார்த்தபோது அவருக்கு அகலம் போதவில்லை என்று தோன்றியதாம். வண்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் சேர்த்தார். அதனால்தான் பானட்டின் நடுவில் ஒரு பட்டை மேடாக ஓடும். அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தப் பட்டையின் மேல் விரலை வைத்து முன்னாலிருந்து கண்ணாடிவரை இழுப்பார். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வார். இரண்டாவது தடவை வருகிறவர்களுக்கும் சொல்வார்.

இன்டிகேட்டர் விளக்குக்குப் பதிலாக அந்த வண்டிக்குக் கை இருந்தது. கதவை ஒட்டிய தூணில் ஒரு பள்ளம். திரும்பும்போது அதிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீளும். ட்ராஃபிகேட்டர் என்பது அதன் பெயர். 1961-இல்தான் மைனரில் அதை எடுத்துவிட்டு மினுக்கும் விளக்கு வைத்தார்கள். இடப்பக்கக் கை அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அப்போது உள்ளேயிருந்து தூணில் ஒரு குத்து விட வேண்டும். பின்சீட்டில் இடப்பக்கம் உட்காருகிறவருக்கு அந்தப் பொறுப்பு. அந்த இடத்துக்காக நானும் அண்ணனும் போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை.

இன்னொன்று பம்ப். சாவியைத் திருப்பியதும் முதலில் இன்ஜின் சத்தம் கேட்காது. பானட்டுக்கு அடியில் 'டக் டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். எஸ்.யு. என்ற கம்பெனியின் மின்சார பெட்ரோல் பம்ப் அது. உள்ளே ஒரு காந்தச் சுருள் மெல்லிய சவ்வு ஒன்றை இழுக்கும், ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு டக். கார்புரேட்டர் நிறைந்ததும் தானாக நின்றுவிடும். அந்த அமைதி வந்த பிறகுதான் அப்பா செல்ஃப் குமிழை இழுப்பார். சத்தம் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் இரண்டில் ஒன்று: டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது வழியில் எங்கோ ஒழுகுகிறது. பெட்ரோல் முள்ளை எங்கள் வீட்டில் யாரும் நம்பியதில்லை. காதைத்தான் நம்பினோம்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அந்தக் கார் நின்றது. ஒரு மாலை எங்கேயோ போய்விட்டு வீடு திரும்பினோம். கேட்டுக்குள் வளைக்கும்போது, மனிதர் நடக்கிற வேகம்தான் இருக்கும், முன்னால் இடது மூலை 'பொத்' என்று தரையில் உட்கார்ந்தது. சக்கரம் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நாங்கள் மூன்று பேரும் பின்சீட்டில் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்பா மட்டும் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா போய்க் கதவைத் திறந்த பிறகுதான் இறங்கினார்.

மைனர் வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. முன்சக்கரத்தைத் தாங்கும் அச்சின் கீழ்முனையில் ட்ரனியன் என்று ஒரு பாகம் உண்டு. மரை போட்ட துண்டு. ஸ்டீயரிங் திரும்பும்போது அந்த மரையில்தான் எல்லாம் சுழலும். தவறாமல் கிரீஸ் அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. விட்டால் உள்ளே மரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் பிடிப்பே இல்லாமல் கழன்றுவிடும். பெரும்பாலும் மெதுவாகப் போகும்போது, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் கழலும். வேகமாகப் போகும்போது கழன்றால் என்ன ஆகும் என்பதை நினைக்கத் தேவையில்லை.

பழுது பெரிதல்ல. ஒரு பாகம் வாங்கி மாட்டினால் முடிந்தது. வாங்கினார்கள். வந்தது வலப்பக்கத்துக்கானது. ட்ரனியனில் இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசையில் ஓடும், ஒன்றை இன்னொன்றில் போட முடியாது. சரியானது வந்து சேர மேலும் மூன்று மாதம். அதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது. பேட்டரியை ஏற்றிக்கொண்டு வந்தபோது மழை தொடங்கியிருந்தது. மழை விட்டதும் அப்பாவுக்கு வேலை அதிகம். அப்புறம் பிரேக் பிடித்துக்கொண்டது. பழைய வண்டிகள் எல்லாம் இப்படித்தான் நிற்கின்றன. எந்த நாளில் கைவிட்டோம் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும். அது முடியும்போது இன்னொன்று பாக்கியாகியிருக்கும்.

ஒரு வண்டியை நிறுத்தினால் முதல் ஆறு மாதத்துக்குள் முடிவெடுங்கள் என்று இன்று யார் கேட்டாலும் சொல்கிறேன். அதுவரை ஆவது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதே. பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட்டுவிடும், வார்னிஷ் மாதிரி ஒரு நாற்றம் வரும், கார்புரேட்டரின் சின்னத் துளைகளில் பிசினாகப் படியும். கழற்றிக் கழுவினால் போயிற்று. அதற்கு மேல் போனால் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவாக மாறும், பிஸ்டன் அசையாது. இன்ஜினும் அப்படித்தான். நாலு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று போய், அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் பிஸ்டனைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும்.

அப்பா இரண்டு காரியம் செய்தார். இரண்டும் பாசத்தில் செய்தது, இரண்டும் தப்பு. வண்டி உருளக்கூடாது என்று ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டார். அது அப்படியே சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. நீண்ட நாள் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பதுதான் முறை. இரண்டாவது தார்ப்பாய். வெயில் மழை படாமல் மூடி, நாலு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். வெறும் மண் தரையிலிருந்து எழும்பும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம்தான் அதிகம் அரித்தது. மூடித்தான் ஆக வேண்டுமென்றால் காற்றுப் போகும் துணி வேண்டும். இல்லையென்றால் மேலே ஒரு கூரை, நாலு பக்கமும் திறப்பு. தரை காய்ந்ததாக இருக்க வேண்டும்.

கார் நின்ற இரண்டாவது வருடம் வேன் வந்தது. சித்தப்பா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறார், "ரெண்டு மாசம் இங்க நிக்கட்டும் அண்ணா" என்றார். அப்பா சரி என்றார். தம்பி கேட்டால் வேறென்ன சொல்வார்? வேன் தானாகவே ஓடிவந்து காருக்குப் பக்கத்தில் நின்றது. அதுதான் அதன் கடைசி ஓட்டம்.

முன்பக்கம் முகம் மாதிரி இருக்கும் அந்தப் பழைய வேனைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பென் பொன் என்ற டச்சு வியாபாரி 1947-இல் ஒரு நோட்டுத் தாளில் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்தது. 1950-இல் உற்பத்தி தொடங்கியது. பிரேசிலில் 2013 கடைசிவரை செய்துகொண்டிருந்தார்கள். எங்களுடையதில் இன்ஜின் பின்னால், காற்றில் குளிரும் வகை. ரேடியேட்டரே கிடையாது. இது தெரியாமல், தண்ணீர் ஊற்றும் இடத்தைத் தேடி அண்ணன் ஒரு மதியம் முழுக்கக் கையில் செம்போடு வேனைச் சுற்றி வந்திருக்கிறான். இன்றும் கேட்டால் கோபம் வரும்.

சித்தப்பா ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் அம்மா எப்படி இருக்காங்க, பிள்ளைகள் எப்படி என்று கேட்டுவிட்டு, "வேன் எப்படி இருக்கு?" என்பார். "நல்லா இருக்கு" என்பார் அப்பா. அப்போது அதன் பின்சீட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் எலி ஒயரைக் கடித்துத் துணி நூலோடு சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. குளவி தனியாக ஒரு பக்கம். பூனையும் எலியும் ஒரே வேனில் எப்படிக் குடித்தனம் நடத்தின என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

எங்களுக்கு அந்த வேன் பஸ். தங்கை கண்டக்டர், அண்ணன் டிரைவர், நான் எப்போதும் டிக்கெட் எடுக்காத பயணி. வெயிலில் காய்ந்த ரெக்ஸின், பழைய பெட்ரோல், கொஞ்சம் எலி. இந்த மூன்றும் கலந்த வாசனையை எங்கே முகர்ந்தாலும் எனக்குப் பதினோரு வயது ஆகிவிடும்.

அந்தப் பதினோராவது வயதில்தான் அது நடந்தது. கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தோம். தங்கைக்கு ஆறு வயது. வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்துபோயிருந்தது. எப்போதும் கதவைத் திறந்து வைத்தே விளையாடியதால் எங்களுக்கு அது பெரிதாகத் தெரிந்ததில்லை. நாங்கள் தேடினோம், கிடைக்கவில்லை, அலுத்துப்போய் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டோம். கண்ணாடியைத் தட்டியிருக்கிறாள், கேட்கவில்லை. துணி உலர்த்த வந்த அம்மாதான் கண்ணாடியில் ஒட்டியிருந்த உள்ளங்கையைப் பார்த்தார். வெளியே எடுத்தபோது முடி தலையோடு தலையாக நனைந்திருந்தது. கன்னத்தில் சீட் தையலின் அச்சு. அழவில்லை. தண்ணீர் மட்டும் கேட்டாள். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது.

வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். குழந்தைகளின் உடல் பெரியவர்களுடையதைவிட வேகமாகச் சூடாகும். பழைய கார்களின் டிக்கியை உள்ளிருந்து திறக்க வழியே கிடையாது. அன்று மாலையே அப்பா வேனின் கதவுகள் எல்லாவற்றிலும் பூட்டின் நாக்கைக் கழற்றி எறிந்தார். இனி அந்தக் கதவுகள் சாத்தினாலும் பிடிக்காது. கார் டிக்கியைப் பூட்டிச் சாவியை மேல் அலமாரிக்கு மாற்றினார். நிற்கிற வண்டியைப் பழுதுபார்க்க நேரமில்லாதவர்கள்கூட இதற்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். குழந்தையைக் காணோம் என்றால் கிணறு, தொட்டியோடு சேர்த்து நிற்கிற வண்டிக்குள்ளும் டிக்கிக்குள்ளும் உடனே பாருங்கள். அப்புறம் கழற்றிப்போட்ட டயர்கள். அவற்றில் தேங்கும் மழைத்தண்ணீர் போதும், ஒரு தெருவுக்கே கொசு கிடைக்கும்.

அண்ணனுக்கு இருபது வயதானபோது வேனைக் கிளப்பியே தீருவது என்று ஒரு வேகம் வந்தது. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். பேட்டரி வைத்து, டேங்கில் புது பெட்ரோல் ஊற்றி, "ஒரே செல்ஃப், கிளம்பிடும்" என்றார் அவர். நான் பின்னால் நின்றேன். செல்ஃப் அடிப்பதற்கு முன்பே காலடியில் மண் நனைவதைப் பார்த்தேன். பெட்ரோல். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்கு மேலே நூல் பின்னல் உறை இருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே ரப்பர் பொடியாகிப் போயிருக்கும். கத்தினேன். நல்லவேளை, அண்ணன் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான். அந்த வேனின் இன்ஜின் உடம்பு மக்னீசியம் கலந்த உலோகம். பற்றிக்கொண்டால் சாதாரணமாக அணையாது, தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாகும். வேனோடு போயிருந்தால் பரவாயில்லை, பக்கத்தில் வீடு.

ஆகவே நீண்ட நாள் நின்ற வண்டியில் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் குழாய்களை மாற்றுங்கள். எல்லாவற்றையும். பார்க்க நன்றாக இருக்கிறது என்று ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள். பழைய பெட்ரோலை முதலில் முழுக்க இறக்க வேண்டும், அதைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. டயர் புதுசு மாதிரிதான் இருக்கு என்று சொல்கிறவர்களிடம் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். 2000-க்குப் பிறகு செய்த டயரில் நாலு இலக்கம் இருக்கும்: 3509 என்றால் 2009-ஆம் வருடத்தின் 35-ஆவது வாரம். எங்கள் வேன் டயரில் மூன்றே இலக்கம். அதாவது போன நூற்றாண்டு.

வேன் அதற்குப் பிறகும் சில வருடம் நின்றது. அதை எடுத்துப்போடத் தடையாக இருந்தது துரு இல்லை, காகிதம். பதிவு சித்தப்பா பெயரில். அவர் கையெழுத்து இல்லாமல் விற்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது. அவரோ வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வேறொருவர் வண்டி உங்கள் இடத்தில் நிற்கப்போகிறது என்றால், அவர் தம்பியாகவே இருந்தாலும், இன்ன தேதிவரை, அதற்குப் பிறகு விற்கவோ உடைக்கவோ சம்மதம் என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். பதிவுப் புத்தகம், சாவி இரண்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்துக்கு எங்கள் வீட்டில் 14 வருடம்.

கடைசியில் சித்தப்பா வந்தார். வேனின் பக்கத்தில் நின்று கையை வைத்தார். பேட்டரி உட்காரும் தட்டு இன்ஜின் பக்கத்தில் இருக்கும். அமிலம் ஒழுகி அது முழுதாகப் போயிருந்தது. கதவுக்குக் கீழே விரலை அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பெயின்ட் மட்டும் வெளியே பளபளவென்று. இந்த வேன்கள் உள்ளிருந்து வெளியே அரிப்பவை. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். "நல்லா இருக்குன்னு சொன்னீங்களே அண்ணா" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாளே சித்தப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப்போனார். போவதற்கு முன் ஆயில், பிரேக் ஆயில், பேட்டரி எல்லாவற்றையும் தனித்தனியாக இறக்கினோம், நம்பர் பிளேட்டைக் கழற்றி வைத்துக்கொண்டோம், பதிவை முறையாக ரத்து செய்தோம். இந்தக் கடைசிக் காரியத்தை ஏனோ பலரும் செய்வதில்லை. வண்டி போனாலும் காகிதத்தில் அது உங்கள் வண்டியாகவே இருக்கும், யாராவது அந்த நம்பரை மாட்டிக்கொண்டு எதையாவது செய்தால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

வேன் நின்ற இடத்தில் வெளுத்த மண் செவ்வகமாகத் தெரிந்தது. அதில் புல் முளைக்க ஒரு வருடம் ஆனது.

காரைத் தொட அப்பா விடவில்லை. அண்ணன் எத்தனையோ தடவை கேட்டான். ட்ரனியன் பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில்தான் இருந்தது, சரியான பக்கத்துக்கானதே. "நான் பார்த்துக்கறேன்" என்பார். பார்க்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். சில ஞாயிறுகளில் தார்ப்பாயைத் தூக்கி, டிரைவர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். நாங்கள் அதைப் பிடிவாதம் என்றோம்.

அப்பா போய் இரண்டு வருடம் கழித்து, பழைய வண்டிகளை ஒழுங்குபண்ணி ஓட்டும் ஒருவர் காரைக் கேட்டு வந்தார். கொடுப்பதற்கு முன் இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்ப்போம் என்றார். அவர் செய்ததைத்தான் நான் முறை என்று சொல்வேன். செல்ஃப் பக்கமே போகவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டார். விட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாள் மைனரின் முன்பக்கத் துளை வழியாக ஹேண்டிலைப் போட்டார். பலம் கொடுக்கவில்லை. முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கச் சொன்னார். ஓடுகிற நிலையில் இருக்கும் இன்ஜின் ஹேண்டிலைத் திருப்பி உதைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றிய கட்டை விரல்தான் முறியும். நானும் பிடித்தேன். ஒரு கட்டத்தில், 'க்ரிச்' என்று ஒரு விரற்கடை நகர்ந்தது. அப்புறம் இன்னொரு விரற்கடை. கால் மணி நேரத்தில் முழுச் சுற்று வந்தது. பிளக் துளையிலிருந்து 'புஸ்' என்று காற்று வந்து என் கையில் பட்டது. 21 வருடத்துக்கு முந்தைய காற்று என்று முட்டாள்தனமாக ஒரு நினைப்பு.

டிரம்மைக் கழற்றும்போது தூசியை ஊதப் போனேன், கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. முகமூடி போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஊதக்கூடாது. புது பேட்டரி வைக்கும்போது இன்னொன்று சொன்னார்: இந்த வண்டியில் பிளஸ்தான் பாடியில் சேரும், இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். பழக்கதோஷத்தில் மாற்றிப் போட்டு மின்சாதனங்களைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் அதிகமாம்.

வண்டியைக் காலி செய்தோம். இதை அவசரமாகச் செய்யாதீர்கள். எதையும் தொடுவதற்கு முன் உள்ளே இருக்கிறபடியே படம் எடுத்து வையுங்கள். பிறகு சீட்டையே தூக்கிப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தவை: அம்மாவின் ஊசி ஒன்று, தங்கையின் ஒற்றைச் செருப்பு, பஸ் டிக்கெட் என்று நாங்கள் கிழித்த காகிதத் துண்டுகள் (அவை வேனில்தானே இருந்திருக்க வேண்டும், இங்கே எப்படி வந்தன?), அப்புறம் முன்னால் இருக்கும் பெட்டியில் அப்பாவின் நோட்டு. அதைக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட் உருகி அட்டையோடு ஒட்டியிருந்தது. பெட்ரோல் போட்ட ஒவ்வொரு தடவையும் தேதி, மீட்டர் எண், அளவு. ஆயில் மாற்றிய நாள். கிரீஸ் அடித்த நாள். எல்லாம் அவருடைய சின்ன எழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல்.

கடைசிப் பக்கம். சக்கரம் மடங்கிய நாளுக்குப் பதினோரு நாள் முன் தேதி போட்டு, ஒரே வரி: "முன் கிரீஸ். அடுத்த ஞாயிறு."

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்தான். அம்மாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அன்னிக்கு நீங்க மூணு பேரும் பின்னாடி உட்கார்ந்திருந்தீங்க" என்றார். நோட்டை அலமாரியில் தன் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

காரைக் கொடுத்துவிட்டோம். வாங்கியவர் முன்னால் இரண்டு பக்கமும் புது ட்ரனியன் போட்டுத்தான் கேட்டைத் தாண்டினார். எங்கள் அலமாரிப் பொட்டலத்தை அவரே பிரித்தார். எதையாவது வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். தங்கை இடப்பக்கத்து ட்ராஃபிகேட்டர். நான் பழைய பம்ப். அவர் புதிது போடப்போவதாகச் சொன்னார். அண்ணன் வேனிலிருந்து ஒரு கதவை முன்பே கழற்றி வைத்திருந்தான், சுவரில் மாட்டப்போவதாக. மாட்டவில்லை. இப்போது அந்தக் கதவு மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. நிறுத்தி வைத்திருக்கிறானாம். எடுத்து வைப்பதானால் மேஜைமேல் வைக்கும் அளவுக்கு எடுங்கள் என்பேன்.

பம்பைப் பல மாதம் நானும் தொடவில்லை, எங்கள் வீட்டு ரத்தம்தான் எனக்கும். ஒரு விடுமுறை நாளில் கழற்றினேன். மூடியை எடுத்தால் உள்ளே இரண்டு சின்ன முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். நீண்ட நாள் சும்மா இருந்தால் அவற்றில் மெல்லிய படலம் படிந்து மின்சாரம் போகாது. அந்தக் காலத்தில் ஸ்பேனர் பிடியால் பம்பின் மேல் ஒரு தட்டுத் தட்டி ஓடவைப்பார்கள். நான் கெட்டிக் காகிதத்தை நீளத் துண்டாக வெட்டி, முனைகளுக்கு நடுவில் வைத்து இழுத்தேன். கறுப்புக் கோடு வந்தது. இரண்டாவது துண்டில் மங்கலான கோடு. மூன்றாவது வெள்ளையாக வந்தது. மேஜைமேல் வைத்து 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு ஒயரைத் தொட்டேன்.

டக். டக். டக் டக் டக் டக்.

உறிஞ்ச ஒன்றும் இல்லை, குழாயில் வெறும் காற்று. அதனால் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. உள் அறையில் அம்மா படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். வண்டி ஓட்டத் தெரியாது அம்மாவுக்கு. பானட்டை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

"பெட்ரோல் இல்ல போலிருக்கு" என்றார் அங்கிருந்தே. "நிக்காம அடிக்குதே."